அப்பாவிடம் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகளும் இருந்தால் ஆடியோ-டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் ரெக்கார்ட் பிளேயர் போதுமா?
போதாது. அதில் 33, 45 வேகம் மட்டும்தான். அதே ஆடியோ-டெக்னிகாவின் எல்பி120எக்ஸ் பாருங்க. 78-உம் ஓடும், ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு.

ஆனால் வேகம் பாதி விஷயம்தான், மீதி ஊசி. கூட வரும் ஊசி 33 வேக எல்பி தட்டின் நுண்பள்ளத்துக்கானது. 78-இன் பள்ளம் அகலம். ஊசி அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள விஎம்என்95எஸ்பி ஊசியைத் தனியாக வாங்கி, எல்பி120எக்ஸின் அதே கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பாகம்) மாட்டலாம். மாற்றும்போதெல்லாம் ஊசி தட்டை அழுத்தும் எடையையும் அதன் பெட்டியில் உள்ளபடி திருத்தணும்.

வாங்குமுன் ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பாருங்க: கனமாக, வளையாமல் இருந்தால் பெரும்பாலும் அரக்குத் தட்டு, அதாவது 78. அப்படியொன்றும் இல்லையென்றால் எல்பி60எக்ஸே தாராளம்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீங்க, கரைந்துவிடும். ஸ்பீக்கர் இருக்கா? பிளேயரோடு வராது.