வாய் கேன்சருக்கு வைரஸ் காரணமா? நீங்க கேட்டதும் என் பதிலும்

டாக்டர், எனக்கு சிகரெட், தண்ணி, பாக்கு எந்த பழக்கமும் இல்ல. வைரஸ்னால கூட வாய்ல கேன்சர் வரும்னு சொல்றாங்களே, நெசமா?

வரும். ஆனா எந்த எடத்துலங்கறத முதல்ல பிரிச்சு பாக்கணும், இத கலந்து பேசறதுலதான் பாதி பயமே. கண்ணாடில வாயத் தொறந்து பாத்தா தெரியற கன்னத்தோட உள்பக்கம், ஈறு, நாக்கோட முன்பகுதி, அதுக்கு கீழ இருக்கற தரை, இதெல்லாம் வாய்க்குழி. இங்க வர்ற கேன்சருக்கு புகையிலை, பாக்கு, மது இதுங்கதான் பெரிய காரணம், வைரஸோட பங்கு ரொம்ப கம்மி. இதுக்குப் பின்னாடி டான்சிலும் நாக்கோட அடிவேரும் இருக்கற தொண்டைப்பகுதி இருக்கு பாருங்க, ஹெச்பிவி, அதாவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், வேலைய காட்டறது அங்கதான். 200க்கு மேல வகை இருந்தாலும் தொண்டைல கேன்சர் வரவைக்கறது பெரும்பாலும் 16ஆம் நம்பர் வகை ஒண்ணுதான். டான்சில் முழுக்க ஆழமான குழிகுழியா இருக்கும், அந்த குழிகளுக்குள்ள மேல்தோல் ரொம்ப லேசு, அதனால வைரஸ் சுலபமா அடிச்செல்லு வரைக்கும் போயிடுது. ஒரு பழக்கமும் இல்லாதவங்களுக்கு நாக்கு ஓரத்துல கேன்சர் வந்தா உடனே வைரஸ்தான்னு முடிவு கட்டிடாதீங்க, பல பேருக்கு அங்க வைரஸே இருக்காது.

வைரஸ் உள்ள வந்துட்டா கேன்சர் கட்டாயம் வந்துருமா?

இல்லவே இல்ல. ரொம்ப பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே அத தொரத்திடும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. போகாம வருஷக்கணக்கா தங்கிடுது பாருங்க, அதுல சில பேருக்குத்தான் பிரச்சனை. அந்த வைரஸ் ஈ6, ஈ7னு ரெண்டு புரதம் தயாரிக்கும். நம்ம செல்லு கண்டபடி பெருகாம பிரேக் போடற பி53ங்கற புரதத்த ஈ6 அழிச்சிடும், ஆர்பின்னு இருக்கற இன்னொரு பிரேக்க ஈ7 கழட்டிவிட்டுடும், ரெண்டு பிரேக்கும் போன வண்டி மாதிரி செல்லு ஓட ஆரம்பிச்சுடும். இதுக்கு பத்து வருஷத்துக்கு மேல, பல பேருக்கு இன்னும் நெறையவே ஆகும்.

என் வீட்டுக்காரருக்கு டான்சில்ல கேன்சர், ரிப்போர்ட்ல பி16 பாசிட்டிவ்னு போட்டிருக்கு. இது கெட்ட செய்தியா? எனக்கும் ஒட்டிக்குமா?

அம்மா, கேன்சர்ங்கறது கஷ்டமான செய்திதான், ஆனா அந்த பி16 பாசிட்டிவ்ங்கற வரி உங்களுக்கு சாதகமான வரி. ஈ7 ஆர்பிய கழட்டிவிட்டா செல்லுக்குள்ள பி16ங்கற புரதம் ஏறிடும், அதனால டான்சில் கட்டில பி16 ஏறியிருந்தா பெரும்பாலும் வைரஸ்னால வந்ததுன்னு அர்த்தம். இந்த வகை ரேடியேஷனுக்கும் கீமோவுக்கும் நல்லா கேக்கும். 2010ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, தொண்டைல முத்தின கேன்சர் இருந்தவங்கள்ல ஹெச்பிவி இருந்தவங்க 100ல 82 பேர் மூணு வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தாங்க, இல்லாதவங்கள்ல 57 பேர்தான். அவர் சிகரெட் பிடிக்கறவரா இருந்தா இந்த சாதகம் கொறையும், அதனால இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க.

நல்லா கேக்குதேன்னு மருந்த கொறைக்கலாமான்னு உங்களுக்குத் தோணும். 2018ல வெளியான ரெண்டு ஆய்வுல ரேடியேஷனோட வழக்கமா குடுக்கற சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்துக்கு பதிலா செடூக்சிமாப்ங்கற வேற மருந்து குடுத்து பாத்தாங்க, பலன் மோசமாதான் போச்சு. டாக்டர் சொன்ன கோர்ஸ முழுசா முடிங்க.

உங்களுக்கு ஒட்டுமான்னு கேட்டீங்க. இந்த வைரஸ் தொண்டைக்கு வர்றது பெரும்பாலும் வாய்வழி உறவுலதான், ஆனா அவருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆயிருக்கும், கல்யாணத்துக்கு முன்னாடியே கூட இருக்கலாம், இத வச்சு யாரையும் சந்தேகப்படாதீங்க, ஒரு ரிப்போர்ட்டால குடும்பத்துல சண்டை வர்றத பாக்க எனக்கு மனசு ஆறல. நீங்க தனி தட்டு தனி டம்ளர்னு பிரிக்க வேண்டாம். கர்ப்பப்பை வாய் பரிசோதனைய மட்டும் வழக்கம்போல தவறாம செஞ்சுக்கோங்க.

உதட்டுல அடிக்கடி கொப்புளம் வருது, ஹெர்பிஸ்னு சொன்னாங்க. இதுவும் கேன்சர் ஆகுமா?

ஆகாது. ஒரு காலத்துல சந்தேகப்பட்டாங்க, நிரூபணமாகல. அதே ஹெர்பிஸ் குடும்பத்துல 1964ல கண்டுபிடிச்ச எப்ஸ்டீன் பார்ங்கற வேற வைரஸுக்கு மூக்குக்கு பின்பக்க தொண்டைல வர்ற கேன்சரோட தொடர்பு இருக்கு, அது வேற எடம்.

எனக்கு 42 வயசு, இப்ப ஹெச்பிவி தடுப்பூசி போடலாமா?

உங்களவிட உங்க பிள்ளைங்களுக்கு போடுங்க. 9லருந்து 14 வயசுக்குள்ள, வைரஸ் உள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழு பலன், பையனுக்கும் சேத்து. ஏற்கனவே இருக்கற வைரஸ அது வெளியேத்தாது. உங்க வயசுல சில பேருக்கு பிரயோஜனம் இருக்கலாம், டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

வாய் கொப்பளிச்சு தண்ணிய டெஸ்ட்டுக்கு குடுத்தா முன்கூட்டியே தெரிஞ்சுடுமா?

வைரஸ் இருக்கா இல்லையான்னு வேணா காட்டும், கேன்சர் வருமான்னு சொல்லாது, அதனால நோய் இல்லாதவங்களுக்கு நான் எழுதிக் குடுக்கறதில்ல. அந்த காசுக்கும் கவலைக்கும் பதிலா கழுத்த தடவிப் பாருங்க. வலியே இல்லாம நெறி கட்டி, ரெண்டு மூணு வாரத்துக்கு மேல கரையாம இருந்தா காமிங்க, வைரஸ்னால வர்ற தொண்டை கேன்சர் நெறைய பேருக்கு முதல்ல இப்படித்தான் வெளிய தெரியுது. ஒரு பக்க டான்சில் மட்டும் பெருசா இருந்தாலும், வாய்ப்புண்ணு மூணு வாரத்துல ஆறலேன்னாலும் அதே மாதிரிதான், ஆன்டிபயாட்டிக் மாத்தி மாத்தி போட்டு மாசத்த கடத்தாதீங்க.