டிஸ்க்லெஸ் கிளையண்ட்களில் ஓடும் சர்வீஸ்களைச் சர்வரில் இருந்தபடியே கட்டளை வரியில் நிர்வகிப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான்: 40 கணினிகள், எதிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை, எல்லாம் ஒரே சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக பூட் ஆகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்தே கட்டளை வரியைத் திறக்கும் வழி) நுழைந்து வேண்டாத சர்வீஸை, அதாவது பின்னணியில் ஓடும் நிரலை, டிசேபிள் செய்கிறீர்கள். ரீபூட் ஆனதும் அது பழையபடி ஓடுகிறது. சர்வரில் உட்கார்ந்தபடியே இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். சொல்லப்போனால் அதுதான் சரியான வழி. சில வருடங்களாக இப்படி ஓர் அமைப்பைக் கவனித்து வருகிறேன். லினக்ஸ், சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்), என்எஃப்எஸ் ரூட் (கோப்பு மரத்தின் வேரான ரூட் டைரக்டரியை நெட்வொர்க் வழியாகச் சர்வரிலிருந்தே எடுப்பது) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தச் சர்வீஸ் ஏன் திரும்பி வருகிறது? டிஸ்க் இல்லாத கணினியை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டில் இருக்கும் பிஎக்ஸ்இ என்ற பூட் நிரல், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் ஐபி முகவரியும் பூட் கோப்பின் பெயரும் கேட்கிறது. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக பூட்லோடர் வருகிறது, பின்னாலேயே கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (தொடக்கத்துக்கு மட்டுமான தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) வருகின்றன. அப்புறம் சர்வரில் இருக்கும் ஒரு டைரக்டரியை என்எஃப்எஸ் மூலம் மவுண்ட் செய்து, அதையே தன் ரூட்டாக எடுத்துக்கொள்கிறது. 40 கணினிகளும் ஒரே டைரக்டரியைப் பகிர்ந்துகொள்வதால் அதைப் படிக்க மட்டுமே அனுமதித்து, எழுதப்படுவதெல்லாம் ரேமில் போய்ச் சேரும்படி மேலே ஓவர்லே ஒன்றைப் போடுவது வழக்கம். உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் செய்த டிசேபிள் ரேமில் எழுதப்பட்டது. கணினியை அணைத்ததும் போய்விட்டது.

ஆக, கிளையண்டுக்கென்று தனியாக ஓஎஸ் எதுவும் கிடையாது. இருப்பது சர்வரில் கிடக்கும் ஒரு டைரக்டரி மரம். நிர்வாகம் முழுவதும் அந்த மரத்தில்தான் நடக்க வேண்டும். இது இன்று வந்த யோசனையும் இல்லை. சன் நிறுவனத்தின் சோலாரிஸில் இதற்கென்றே எஸ்எம்ஓஎஸ்சர்வீஸ் என்று ஒரு கட்டளை இருந்தது. ஆட், டெலிட், லிஸ்ட், பேட்ச் என்று நான்கு துணைக் கட்டளைகள். அங்கே 'ஓஎஸ் சர்வீஸ்' என்றால் பின்னணியில் ஓடும் டீமன் அல்ல, கிளையண்ட்களுக்காகச் சர்வர் வைத்திருக்கும் ஓஎஸ் கோப்புகளின் தொகுப்பு. பழைய கையேடுகளைத் தேடிப் படித்தால் இந்த இரண்டு பொருளும் குழம்பும், அதனால்தான் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் மரம் சர்வரில் /எஸ்ஆர்வி/நெட்ரூட் என்ற இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை இவ்வளவுதான்:

சிஸ்டம்சிடிஎல் --ரூட்=/எஸ்ஆர்வி/நெட்ரூட் டிசேபிள் புளூடூத்.சர்வீஸ்

அந்த '--ரூட்' என்ற தெரிவு இருந்தால் சிஸ்டம்சிடிஎல் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம்டியோடு பேசவே பேசாது. நேராகக் கோப்புகளில் கை வைக்கும். அது எப்படிச் சாத்தியம் என்று எனக்கும் முதலில் சந்தேகம் இருந்தது. எனேபிள் என்பது உண்மையில் ஒரு சிம்லிங்க்தான், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி. மரத்துக்குள் இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் என்ற டைரக்டரிக்குப் போய், அதில் மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்று இருப்பதைத் திறந்து பாருங்கள். எனேபிள் ஆன சர்வீஸ்களில் பெரும்பாலானவை அங்கே சிம்லிங்க்குகளாக வரிசையாக இருக்கும். டிசேபிள் செய்தால் அந்த லிங்க் அழிகிறது, அவ்வளவே. அதனால் கணினி ஓடாமல் இருக்கும்போதும் இதைச் செய்யலாம். இஸ்-எனேபிள்ட், லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் இரண்டும் இதே தெரிவோடு வேலை செய்யும். ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டும் இங்கே பொருந்தாது, அவற்றுக்கு ஓடும் கணினி வேண்டும்.

டிசேபிள் போதாத இடங்களும் உண்டு. சர்வீஸை அணைத்திருப்பீர்கள், ஆனால் அதன் பெயரிலேயே ஒரு சாக்கெட் யூனிட்டோ (இணைப்பு வருகிறதா என்று காத்திருப்பது) டைமரோ (நேரம் பார்த்துக் காத்திருப்பது) விழித்திருக்கும். யாராவது தட்டினாலோ நேரம் வந்தாலோ சர்வீஸை எழுப்பிவிடும். அச்சுக்கான கப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அப்படிப்பட்டதை மாஸ்க் செய்துவிடுங்கள். மாஸ்க் என்பது அந்த யூனிட்டின் பெயரை டெவ்நல் என்ற வெற்றுக் கோப்புக்குத் திருப்பிவிடும் ஒரு சிம்லிங்க். அதன் பிறகு வேறு எந்த யூனிட்டாலும் அதை எழுப்ப முடியாது.

எதையெல்லாம் மாஸ்க் செய்வது? டிஸ்க்கைக் கவனிப்பதற்காகவே இருக்கும் ஸ்மார்ட்டி, எஃப்எஸ்டிரிம் டைமர், ரெய்டு கண்காணிப்பு போன்றவற்றை யோசிக்காமல் எடுத்துவிடலாம். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை, வீண்தான். நிஜமாகவே கெடுதல் செய்வது தானியங்கி அப்டேட். டெபியன், உபுண்டு இமேஜ்களில் ஏபிடி-டெய்லி.டைமர், ஏபிடி-டெய்லி-அப்கிரேட்.டைமர் என்று இரண்டு இருக்கும். என் கிளையண்ட்களில் 4 ஜிபி ரேம். ஓவர்லேயின் மேலடுக்காக இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் (ரேமிலேயே இருக்கும் கோப்பு முறைமை), அளவு எதுவும் சொல்லாவிட்டால் ரேமில் பாதியை, அதாவது 2 ஜிபியை, உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் காலை வரிசையாகப் பல கணினிகளில் 'இடம் இல்லை' என்ற பிழை. ஒன்றுக்குள் போய் டிஎஃப் கட்டளை கொடுத்தால் ரூட் நூறு சதவீதம் நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக அதே அப்டேட்களைத் தரவிறக்கி, அதே பேக்கேஜ்களைத் தன் ரேமிலேயே நிறுவ முயன்றிருக்கிறது. வெற்றி பெற்றிருந்தாலும் ரீபூட்டில் எல்லாம் போயிருக்கும். அன்றைக்கே இரண்டு டைமரையும் மாஸ்க் செய்தேன். சிஸ்டம்டி எழுதும் பதிவேடான ஜர்னலையும் இப்படியே கவனிக்க வேண்டும்: ஜர்னல்டி அமைப்பில் ஸ்டோரேஜை வாலடைல் (ரேமில் மட்டும்) என்று வைத்து, அளவுக்கு ஒரு வரம்பும் போடுங்கள். பிறகு தேவைப்படும் பதிவுகளை ஆர்சிஸ்லாக் மூலம் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்.

புதிய பேக்கேஜ் நிறுவ மரத்துக்குள் சிஎச்ரூட் செய்து (அந்த மரத்தையே தற்காலிகமாக ரூட்டாக்கி) நுழைவீர்கள். அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. டெபியன் வகைப் பேக்கேஜ்கள் நிறுவி முடித்ததும் தங்கள் சர்வீஸைத் தாங்களே தொடங்கப் பார்க்கும். சிஎச்ரூட் கோப்புகளைத்தான் பிரிக்கிறது, ப்ராசஸையும் நெட்வொர்க்கையும் பிரிப்பதில்லை. ஆகவே கிளையண்டுக்காக நிறுவிய டீமன் உங்கள் சர்வரிலேயே எழுந்து ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதைத் தடுக்க மரத்துக்குள் யூஎஸ்ஆர்/எஸ்பின் என்ற இடத்தில் பாலிசி-ஆர்சி.டி என்ற பெயரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு, அது 101 என்ற எண்ணோடு வெளியேறும்படி செய்யுங்கள். 101 என்றால் 'இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை' என்று பொருள். ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

இப்போது சொல்லப்போவதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

இமேஜைத் தயார் செய்யும்போது ஒரு முறை விர்ச்சுவல் மெஷினில் பூட் செய்து பார்த்திருந்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. கிளையண்ட்களுக்குக் கொடுத்ததும் ஒன்றிரண்டு கணினிகள் பூட் ஆகிச் சில நிமிடத்தில் உறைந்தன. மவுஸ் நகரும், புதிதாக எதையும் திறக்க முடியாது. திரையில், என்எஃப்எஸ் சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற கெர்னல் செய்தி. சர்வரோ நலமாக இருந்தது. கேபிள், ஸ்விட்ச் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் சர்வரில் 'ஐபி நெய்' கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஒரே ஐபி முகவரிக்கு நேரே இருந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாறி மாறி வந்தது. இரண்டு கணினிகள் ஒரே முகவரியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

காரணம் இடிசியில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற ஒரு வரிக் கோப்பு. விர்ச்சுவல் மெஷினில் பூட் ஆனபோது அதில் ஓர் எண் எழுதப்பட்டுவிட்டது, அந்த எண் அத்தனை கிளையண்டுக்கும் போனது. பூட் ஆகும்போது கெர்னல் தன் மேக் முகவரியைச் சொல்லித்தான் ஐபி வாங்குகிறது, அதில் சிக்கல் இல்லை. அப்புறம் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி எழுந்து, தானும் ஒரு முறை டிஎச்சிபியிடம் கேட்கிறது. அது தன் அடையாளமாகக் காட்டுவது மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய எண்ணை. டிஎச்சிபி சர்வரின் கண்ணுக்கு எல்லாம் ஒரே கணினி, எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. ரூட்டே நெட்வொர்க்கில் தொங்கும் கணினியில் முகவரி மாறினால் கால் வைத்திருக்கும் தரை நகர்ந்த மாதிரிதான்.

தீர்வு மூன்று பகுதியாக அமைந்தது. மரத்தில் இருந்த மெஷின்-ஐடி கோப்பின் உள்ளடக்கத்தைக் காலி செய்தேன். கோப்பு இருக்க வேண்டும், அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். வார்/லிப்/டிபஸ்ஸுக்குள் அதன் நகல் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். இரண்டாவதாக, நெட்வொர்க்டி அமைப்பில் டிஎச்சிபிவி4 பகுதியில் கிளையண்ட்ஐடென்டிஃபையர் என்பதை மேக் என்று வைத்தேன். மூன்றாவதாக, அதே கோப்பின் நெட்வொர்க் பகுதியில் கீப்கான்ஃபிகரேஷன் என்பதை 'யெஸ்' என்று வைத்தேன். கெர்னல் வாங்கித் தந்த முகவரியை நெட்வொர்க்டி பிடுங்காமல் இருக்க இது உதவும்.

40 கணினிக்கும் ஒரே மரம் என்றால், ஒரே ஒரு கணினியில் மட்டும் ஒரு சர்வீஸ் வேண்டும் அல்லது வேண்டாம் என்றால் என்ன செய்வது? இதற்காக மரத்தை 40 நகல் எடுக்காதீர்கள், பராமரித்து மாளாது. பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட்லோடரைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் தனி அமைப்புக் கோப்பு வைக்கலாம். கோப்பின் பெயர் 01 என்று தொடங்கி, ஹைஃபன் போட்டுப் பிரித்த மேக் முகவரியாக இருக்கும். அதில் கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் சிஸ்டம்டி.மாஸ்க்=கப்ஸ்.சர்வீஸ் என்று சேர்த்தால் அந்தக் கணினியில் மட்டும், அந்த பூட்டுக்கு மட்டும் கப்ஸ் எழாது. கூடுதலாக ஒன்றைத் தொடங்க சிஸ்டம்டி.வான்ட்ஸ் இருக்கிறது. சிஸ்டம்டி.மெஷின்_ஐடி என்று கொடுத்து நிலையான அடையாளத்தையும் இங்கேயே தந்துவிடலாம். இல்லாவிட்டால் பதிவுகளைச் சேகரிக்கும் சர்வரில் ஒரே கணினி ஒவ்வொரு பூட்டிலும் புதுக் கணினியாகத் தெரியும். மரத்தையே தொடாமல் கணினிவாரியாக மாற்ற முடிகிறது என்பதால் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

என்எஃப்எஸ் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. ரூட்டாக மவுண்ட் செய்ய நோ_ரூட்_ஸ்குவாஷ் (கிளையண்டின் ரூட் பயனரை, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியை, ரூட்டாகவே ஏற்கும் தெரிவு) தேவைப்படும், இல்லாவிட்டால் கடவுச்சொல் விவரம் இருக்கும் ஷேடோ போன்ற ரூட் பயனருக்கு மட்டுமான கோப்புகளைக் கிளையண்ட் படிக்க முடியாது. அதே காரணத்தால், அந்த நெட்வொர்க்கில் ரூட் உரிமையுள்ள யாரும் அவற்றைப் படித்துவிட முடியும். எனவே எக்ஸ்போர்ட்டைப் படிக்க மட்டும் என்று வைத்து, கிளையண்ட்கள் இருக்கும் சப்நெட்டுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். மாற்றிய பின் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கொடுத்தால் போதும்.

கடைசியாக, கிளையண்ட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே மரத்தில் கை வைக்காதீர்கள். ஒரு சிம்லிங்க்கை அழிப்பதோடு நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பேக்கேஜ் அப்டேட் செய்தால் தப்ப முடியாது. கிளையண்ட் திறந்து வைத்திருக்கும் கோப்பைச் சர்வரில் அழித்துப் புதிதாக வைத்தால், அந்தப் பக்கம் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' பிழை வரும். ஓவர்லேயின் கீழடுக்கை மவுண்ட் ஆகியிருக்கும்போது மாற்றக் கூடாது, மாற்றினால் நடத்தை வரையறுக்கப்படாதது என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. நான் ஏ, பி என்று இரண்டு மரம் வைத்திருக்கிறேன். ஓடுவது ஏ என்றால் நகலெடுக்கும் கட்டளையான ஆர்சின்க் -ஏஎச்ஏஎக்ஸ் --டெலிட் மூலம் பி-யை அதற்குச் சமமாக்கி, எல்லா மாற்றத்தையும் பி-யில் செய்கிறேன். தெரிவுகளில் அந்த எச், பெரிய ஏ, எக்ஸ் மூன்றையும் விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் ஹார்ட் லிங்க்குகளும் ஏசிஎல் என்ற கூடுதல் அனுமதிப் பட்டியலும் எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்களும் வராது. பிறகு ஒரே ஒரு கிளையண்டின் பூட் கோப்பில் மட்டும் பாதையை பி என்று மாற்றி ரீபூட் செய்து பார்க்கிறேன்.

அந்தக் கணினியில் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் காலியாக வந்து, ஒரு நாள் முழுக்க ஓடியும் சிக்கல் எதுவும் இல்லையென்றால், பொதுக் கோப்பிலும் பாதையை மாற்றிவிடுகிறேன். மற்றவை அவரவர் ரீபூட் செய்யும்போது தாமாகவே பி-க்கு வந்து சேர்கின்றன. ஏ-யில் யாரும் மிச்சம் இல்லை என்று தெரியும்வரை அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு கிளையண்டும் எந்த மரத்தில் இருக்கிறது என்பது பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுத்த வரியைக் காட்டும் ப்ராக்/சிஎம்டிலைனைப் படித்தாலே தெரிந்துவிடும், அதை ஓர் எஸ்எஸ்எச் லூப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.