கீமோகைன் படிச்சா வேலை கிடைக்குமா சார்?

அம்மா,

சனிக்கிழமை நீங்களும் பெண்ணும் மேற்படிப்புக் கவுன்சலிங்குக்கு என்னிடம் வந்துபோன பிறகு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் பேசினோம், அதில் முக்கால்வாசி நேரம் நீட் கதைதான். இரண்டு முறை எழுதியும் மார்க் எட்டாமல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேர்ந்தாள், இப்போது கடைசி வருடம். எழுந்து கிளம்பும்போதுதான் கேட்டீர்கள்: "என்னமோ கீமோகைன்னு சொல்றா சார். அதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" வாசலில் அடுத்த குடும்பம் உட்கார்ந்திருந்தது. "அப்புறம் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பெண்ணிடமும் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவளே திருத்துவாள்.

முதலில், கீமோகைனுக்கும் கீமோதெரபிக்கும் சம்பந்தம் இல்லை. பேரில் உள்ள ஒற்றுமைதான். காலில் கருவேல முள் ஏறி ஒடிந்துவிட்டால் மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கி விண்விண்ணென்று தெறிக்கும். இரண்டு நாளில் சீழ் வைக்கும். அந்தச் சீழில் பெரும்பகுதி செத்துப்போன வெள்ளணுக்கள். ரத்தத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த வெள்ளணுவுக்குக் குதிகாலில் முள் ஏறிய சேதி எப்படிப் போனது? அடிபட்ட இடத்துச் செல்கள் சின்னச் சின்னப் புரதங்களைக் கசியவிடுகின்றன. முள்ளுக்குப் பக்கத்தில் அவை அடர்த்தியாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். வெல்லம் சிந்திய இடத்துக்கு எறும்பு வரிசை கட்டுகிற மாதிரி, வெள்ளணுக்கள் அந்த அடர்த்தியைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்கின்றன. இந்தப் புரதங்கள்தான் கீமோகைன்கள்.

மனித உடம்பில் இவை ஐம்பது வரை இருக்கின்றன. செல்களின் மேல் இருந்து அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருபது சொச்சம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளைக் கூப்பிடும். சி.எக்ஸ்.சி.எல்.8 என்ற கீமோகைன் நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும், சி.சி.எல்.2 மோனோசைட்டுகளைக் கூப்பிடும்; இரண்டும் வெள்ளணு வகைகள். கூப்பிட்டவர்கள் வந்து கிருமியைக் கொன்றுவிட்டுப் போனால் நல்லது. வந்தவர்கள் போகாமல் அங்கேயே டேரா போட்டால் அது அழற்சி நோய். முடக்குவாதம், ஆஸ்துமா, குடல் அழற்சி எல்லாவற்றிலும் இந்தக் கதை ஓடுகிறது.

உங்கள் முட்டியையே எடுத்துக்கொள்வோம். 2006-ல் சிக்குன்குனியா வந்ததிலிருந்து மாடிப்படி ஏற முடியவில்லை என்றீர்கள். அந்த வைரஸ் மூட்டுக்குள் போகும்போது அங்கே சி.சி.எல்.2 எக்கச்சக்கமாகச் சுரக்கிறது. அதைக் கேட்டு மோனோசைட்டுகள் கூட்டமாக மூட்டுக்குள் இறங்குகின்றன. அப்படியானால் அந்த அழைப்பை நிறுத்திவிட்டால் வலி போய்விடுமே என்று தோன்றும். எலிகளில் செய்தும் பார்த்தார்கள். சி.சி.எல்.2 மாதிரியான புரதங்கள் சுரப்பதைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் மூட்டு தப்பித்தது. ஆனால் அதன் ஏற்பியான சி.சி.ஆர்.2 பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கு வைரஸைக் கொடுத்தபோது மூட்டு முன்னைவிட மோசமானது. மோனோசைட் வராத இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் வந்து குருத்தெலும்பையே அரித்துவிட்டன. ஒரு கதவை அடைத்தால் வேறு ஆள் வேறு கதவு வழியாக வந்துவிடுகிறான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் பெண் போக நினைக்கும் துறையின் குணமே இதுதான். முடக்குவாதத்துக்குக் கீமோகைன் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளைப் பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்காகச் சோதித்தன. பல மருந்துகள் நோயாளிகளிடம் வந்ததும் படுத்துவிட்டன. 1987-ல் சி.எக்ஸ்.சி.எல்.8 கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால், இந்தத் துறையிலிருந்து மருந்துக்கடை வரை வந்த மருந்துகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். "ரொம்ப ஸ்கோப் உள்ள ஃபீல்டு" என்று யாராவது சொன்னால், அவர் பிரோஷர் விற்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வந்த மருந்துகளின் கதை சுவாரசியமானது. எச்.ஐ.வி. வைரஸ் செல்லுக்குள் நுழைய ஒரு சாவித்துவாரம் போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது துவாரம் கீமோகைன் ஏற்பிதான் என்பது 1996-ல் தெரிந்தது. பெரும்பாலும் சி.சி.ஆர்.5, சில வைரஸ்களுக்கு சி.எக்ஸ்.சி.ஆர்.4. வடக்கு ஐரோப்பியர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு சி.சி.ஆர்.5 மரபணுவின் இரண்டு பிரதியிலும் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அவர்களை எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதில்லை. 2007-ல் பெர்லினில் டிமோதி ரே பிரவுன் என்பவருக்கு ரத்தப் புற்றுக்காக, அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை, மாற்றிவைத்தார்கள். எச்.ஐ.வி.யும் போய்விட்டது. உலகில் எச்.ஐ.வி. குணமான முதல் மனிதர் அவர்தான். அதே ஆண்டு சி.சி.ஆர்.5-ஐ அடைக்கும் மராவிராக் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்னொன்று சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐ அடைக்கும் பிளெரிக்சாஃபார். எச்.ஐ.வி.க்காகத் தொடங்கிய மருந்து அது. சோதனையில் கொடுத்தவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் திடீரென்று ஏறின. ஏன் என்று யாரோ துருவினார்கள். எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல்களைப் பிடித்துவைத்திருக்கும் கட்டை அது அவிழ்க்கிறது என்று தெரிந்தது. 2008-லிருந்து, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு ஸ்டெம் செல் சேகரிக்க அதையும் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் பெண் என்னிடம் சொன்னது இந்தக் கதை எதுவும் இல்லை. அவளைப் பிடித்துக்கொண்டது மலேரியா. நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். என் மேஜையில் கிடந்த ரசீதுக்குப் பின்னால் சிவப்பணுவைப் படம் வரைந்து காட்டினாள். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொக்கிக்கு டஃபி என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்கர்களில் அநேகம் பேருக்கு அது சிவப்பணுவில் கிடையாது, அதனால் வைவாக்ஸ் அங்கே பெரிதாகத் தலைகாட்டுவதில்லை. 1976-ல் கண்ட விஷயம் இது. அந்த டஃபியே கீமோகைன்களைப் பிடித்துவைக்கும் ஏற்பி என்று 1993-ல் தெரிந்தது. "சிவப்பணு எங்கயும் நகர்ந்து போகாது சார், அதுக்கு எதுக்கு கீமோகைன் ஏற்பி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படி ஒரு கேள்வியை வைத்திருக்கிற பிள்ளையை மூன்றாவது முறை நீட் எழுதச் சொல்லாதீர்கள். இது என் அபிப்பிராயம்.

சரி, வேலைக்கு வருவோம். கீமோகைன் என்று ஒரு வேலை கிடையாது. எந்தக் கம்பெனியும் "கீமோகைன் படித்தவர் தேவை" என்று விளம்பரம் கொடுக்காது. அது ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைத் துரத்தும்போது கை பழகுகிற வித்தைகளுக்குத்தான் சம்பளம். எலைசா (ரத்தம் போன்ற மாதிரிகளில் புரதத்தை அளக்கும் சோதனை), செல் வளர்ப்பு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரிப்பது), மரபணு வரிசைத் தரவைக் கம்ப்யூட்டரில் அலசுவது, இவை கைவந்தால் ஹைதராபாத், புனேயில் தடுப்பூசிக் கம்பெனி, பெங்களூரில் பயோசிமிலர் (உயிரி மருந்துகளை ஒத்த மருந்து) கம்பெனி, மருந்துச் சோதனை நிறுவனம், கருவி விற்கும் கம்பெனியின் பயிற்சியாளர் வேலை என்று கதவுகள் உண்டு. ஆனால் பி.எஸ்சி.யோடு நின்றால் கிடைப்பது பெரும்பாலும் க்யூ.சி. (தரப் பரிசோதனை) லேப் வேலைதான், சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. இந்தத் துறைக்குள் போவதென்றால் எம்.எஸ்சி. கட்டாயம். ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி.

எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளில் ஜாம் (JAM) ஒன்று. அதில் பயோடெக்னாலஜி தாள் எழுதலாம். அதை வைத்து ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி.யும், ஐ.ஐ.எஸ்சி., ஐசர் போன்ற மத்திய அரசின் அறிவியல் நிறுவனங்களில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பும் கிடைக்கும். அந்தத் தாளில் பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும் கேட்பார்கள், அவள் பயோ-மேத்ஸ் எடுத்தது இங்கே கைகொடுக்கும். இன்னொன்று காட்-பி (GAT-B) தேர்வு. மத்திய பயோடெக்னாலஜி துறை உதவும் எம்.எஸ்சி. இடங்களுக்கானது, மாதாந்திர உதவித்தொகை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகம், மதுரை காமராசர், அண்ணா பல்கலைக்கழகம், புதுச்சேரி எல்லாவற்றையும் பட்டியலில் வையுங்கள். மதுரை உங்களுக்குப் பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை, நோய் எதிர்ப்பியலில் அங்கே நெடுநாள் பாரம்பரியம் உண்டு.

பணக் கணக்கு இது. எம்.எஸ்சி. இரண்டு வருடம் உங்கள் செலவு. அதன்பின் நெட் ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு) தேறினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 முதல் உள்ள தொகை இது. சில நேரம் இரண்டு மூன்று மாதம் சேர்த்து வரும், அந்தக் கொடுமைக்கும் தயாராக இருக்கட்டும். நெட் தேறாவிட்டால் பிஎச்.டி. செய்யலாம்தான், ஆனால் புராஜெக்ட் பணத்தை நம்பி இருக்க வேண்டும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிஎச்.டி. முடிக்கும்போது அவளுக்கு இருபத்தொன்பது ஆகலாம். "கல்யாணம்?" என்று நீங்கள் கேட்காமல் விட்டதும் எனக்குக் கேட்டது. அதில் நான் தலையிட மாட்டேன், வருஷக் கணக்கை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஒரு கன்சல்டன்ஸி லண்டனில் ஒரு வருட எம்.எஸ்சி. பிடித்துத் தருவதாகச் சொன்னதைச் சொன்னீர்கள். தோட்டத்தை அடகு வைத்துப் போகிற படிப்பு இது இல்லை. வெளிநாட்டு ஆசை இருந்தால் எம்.எஸ்சி.யை இங்கே முடித்துவிட்டு அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கட்டும். அங்கே அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது, மாதச் சம்பளமும் உண்டு.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன் அவள் ஒரு லேபில் இரண்டு மாதமாவது நிற்க வேண்டும். உட்கார்ந்து படிப்பது வேறு, நிற்பது வேறு. நான் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்த இடத்தில் காசநோயாளிகளின் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீர்) சி.எக்ஸ்.சி.எல்.10 என்ற கீமோகைனை அளக்கிற வேலை கொடுத்தார்கள். எலைசா தட்டில் 96 குழி. ஒவ்வொன்றிலும் பிப்பெட்டால் சொட்டு விட்டு, கழுவி, மறுபடி விட்டு, கடைசியில் நிறமூட்டியைச் சேர்த்தால் குழிகள் நீலமாகும். அமிலம் சேர்த்ததும் சட்டென்று மஞ்சளாக மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் அழகு. என் முதல் தட்டில் நோயாளிகளின் குழிகள் அடர் மஞ்சளாக வந்தன. துள்ளிக் குதித்தேன். அப்புறம் பார்த்தால் அளவுகோலாக வைக்கும் கரைசலைப் பத்து மடங்கு தப்பாக நீர்த்திருக்கிறேன். எண்களுக்கு அர்த்தமே இல்லை. பல ஆயிரம் ரூபாய் கிட், ஒரு நாள் முழுக்க உழைப்பு, கட்டைவிரல் வலி, எல்லாம் குப்பைத் தொட்டிக்கு. கைடு ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். மறுநாள் காலையில் போய் மறுபடி தட்டை எடுத்தவர்கள் ஆராய்ச்சிக்குப் போனார்கள். நான் கவுன்சலிங்குக்கு வந்துவிட்டேன்.

அந்த சி.எக்ஸ்.சி.எல்.10 பற்றி ஒரு விஷயம். காசநோயில் அது ரத்தத்தில் ஏறுகிறது, மருந்து வேலை செய்தால் இறங்குகிறது. ஆனால் டெங்குவிலும் ஏறும், கோவிட்டிலும் ஏறும். அதை மட்டும் வைத்து இது காசநோய் என்று சொல்லிவிட முடியாது. எதோடு சேர்த்துப் பார்த்தால் சொல்லலாம் என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தேடுகிற ஓரிடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1956-ல் தொடங்கியது. காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது அந்த நிறுவனம்தான்.

அங்கேயும் தரமணியிலும் ஆராய்ச்சியாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இணையதளத்தில் இருக்கும். அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்களோ அவள் அப்பாவோ போன் போட வேண்டாம், ஆள் பிடிக்கவும் வேண்டாம். கடிதத்தில் "ஐ ஆம் வெரி பேஷனேட்" என்று ஆரம்பிக்காமல், அந்த சிவப்பணுக் கேள்வியைப் போட்டு ஆரம்பிக்கட்டும். இருபது பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள், அது போதும். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும், தனக்குத் தகுதி உண்டா என்று பார்த்துவிட்டு, விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம், உதவித்தொகையோடு. அதற்கு ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், கல்லூரியில் இப்போதே கேட்டு வைக்கட்டும்.

லேபிலிருந்து திரும்பி வந்து "கால் வலிக்குதும்மா, ஆனா நாளைக்கும் போகணும்" என்று சொன்னால் எனக்கு ஒரு போன் போடுங்கள், மேற்கொண்டு பேசுவோம். "போர் அடிக்குது" என்றாலும் போடுங்கள், அதுவும் நல்ல சேதிதான். மருந்துச் சோதனை, மருத்துவ எழுத்து, பொது சுகாதாரம் என்று வேறு வழிகள் இருக்கின்றன, அதற்கு வேறு கணக்குப் போடலாம்.

உங்கள் முட்டிக்கு மட்டும் இப்போதே மதுரையில் ஒரு வாதநோய் நிபுணரைப் பாருங்கள். பெண் பிஎச்.டி. முடித்து மருந்து கண்டுபிடித்துக் கொண்டுவரும்வரை மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.