ஜன்னல் பட்டை வெடித்துவிட்டதா? ஒட்டவும் வேண்டாம், அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம்

கேள்வி: என்னிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே, கீழ் விளிம்பில் ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை இரண்டு பக்கமும் பின் மூலையில் வெடித்துவிட்டது. ஒரு பக்கம் துண்டு பெயர்ந்து நிற்கிறது. பின்னால் உள்ள சின்ன நிலைக் கண்ணாடியை (ஏற்றி இறக்க முடியாத ஜன்னல் கண்ணாடி) சுற்றிய பட்டையிலும் மயிரிழை விரிசல் தெரிகிறது. ஒட்டிச் சமாளிக்கலாமா? 'இதுதான் கடைசி செட்' என்று ஒருவர் ஆன்லைனில் பெரிய விலை சொல்கிறார், வாங்கலாமா? நானே மாற்ற முடியுமா?

பதில்: ஒட்டாதீர்கள். அந்தக் 'கடைசி செட்' ஆளுக்கு இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். கதவுப் பட்டையை நீங்களே மாற்றலாம். பின் கண்ணாடிப் பட்டையில் மட்டும் கை வைக்காதீர்கள், அது வேறு கதை. கடைசியில் வருகிறேன்.

பட்டை மூலையில் வெடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சூடேறினால் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு நீளும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மீட்டர் பட்டை 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். கறுப்பு நிறம் வேறு, வெயிலை நன்றாகக் குடிக்கும். இப்படி தினமும் நீண்டு சுருங்கும் பட்டையின் ஒரு முனையை ஸ்க்ரூ இறுக்கிப் பிடித்திருக்கிறது. புதிதில் பட்டை வளைந்து கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் புற ஊதாக் கதிர் பட்டதில் விறைத்துப்போனது. வினைல் பட்டையாக இருந்தால் அதை மென்மையாக வைத்திருந்த எண்ணெய்ச் சத்தும் போய்விட்டிருக்கும், நீளமும் கொஞ்சம் குறைந்திருக்கும். இழுப்பு முழுவதும் ஸ்க்ரூ ஓட்டை இருக்கும் மூலையில்தான் போய்ச் சேரும்.

அதனால்தான் ஒட்டுவது வீண். விரிசல் மூடும், இழுப்பு அப்படியே இருக்கும். அடுத்த வெயிலில் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி போல விறைப்பு, வளையவே வளையாது. பட்டை பாலிபுரொப்பிலீன் என்ற வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் சாதாரணப் பசை பிடிக்கவே பிடிக்காது. அசிட்டோன் தடவி ஓரத்தை உருக்கி ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. ஏபிஎஸ் அதில் உருகத்தான் செய்யும், கூடவே பக்கத்திலிருக்கும் பெயிண்டும் வரும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டிப் பட்டையைக் கறுகறுவென்று ஆக்கித் தருகிறோம் என்பது அடுத்த வித்தை. மேலே நரைத்தது கொஞ்ச நாளைக்கு மறையும், உள்ளே செத்துப்போன பிளாஸ்டிக்குக்கு உயிர் வராது. விற்கப்போகும் காருக்கு அதைச் செய்வார்கள். வைத்து ஓட்டப்போகிறவருக்கு என்ன பிரயோசனம்?

சரி, புதுப் பட்டை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் உதிரிபாக வியாபாரத்தில் இடைத்தரகர் பிழைப்பதே 'கடைசி' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் வாங்குகிறவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார். நீங்கள் நிறுத்தாதீர்கள். பட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு முனைகளும் நெருக்கமாகத் தெரிய வேண்டும், கிளிப் உட்காரும் இடங்கள் தெரிய வேண்டும். பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணும், எந்த வகைப் பிளாஸ்டிக் என்ற சிறு முத்திரையும் பெரும்பாலும் இருக்கும். முன்பக்கம் பளபளவென்று ஒரே ஒரு படம்தான் வருகிறது என்றால், அது வேறு யாரோ எடுத்த படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செட் என்று சொல்லி ஒரே பக்கத்துப் பட்டையை இரண்டாக அனுப்பிவிட்டு, 'நீங்கள் சரியாகச் சொல்லவில்லை' என்று கைகழுவுவதும் நடக்கிறது. இடது, வலது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்காத கம்பெனி உறையில் இருக்கும் பழைய சரக்கு என்றாலும் மயங்க வேண்டாம். உறைக்குள் வெயில் படாது, வயது ஏறாமல் இருக்காது. உங்கள் கார் வெளிவந்த காலத்தில் அச்சில் வார்த்த வினைல் இன்றைக்கு அலமாரியிலேயே விறைத்திருக்கலாம். பட்டையை மெதுவாக வளைத்து ஒரு சிறு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வளைக்க அவர் பயந்தால் நீங்களும் பயப்பட வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால், டீலர் கவுன்டரில் 'நிறுத்திவிட்டார்கள்' என்று சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் கையில் உள்ள பழைய எண்ணைத் தட்டுகிறார்கள், கம்ப்யூட்டர் இல்லை என்கிறது, அத்தோடு முடிந்தது. பாகத்தைச் சற்றே மாற்றும்போது கம்பெனிகள் எண்ணின் கடைசி எழுத்துகளை மாற்றும், சில சமயம் எண்ணையே மாற்றும். 'இதற்கு மாற்று எண் ஏதாவது வந்திருக்கிறதா, பாருங்கள்' என்று விடாமல் கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்ய ஆளில்லாமல் எத்தனை பேர் தரகரிடம் போய் மாட்டுகிறார்களோ!

கம்பெனிகளே பழைய பாகங்களைத் திரும்பச் செய்வதும் உண்டு. மாஸ்டா 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு அந்த வேலையை அறிவித்தது. நிசான் அதே ஆண்டு ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்குப் பழைய பாகங்களை மீண்டும் கொண்டுவந்தது. டொயோட்டா 2019இல் ஏ70, ஏ80 சுப்ராவுக்கு அறிவித்தது. உங்கள் கார் இந்தக் குடும்பங்களில் ஒன்று என்றால் அந்தப் பட்டியலை முதலில் பாருங்கள். இந்த அதிர்ஷ்டம் பெயர் பெற்ற கார்களுக்குத்தான். மற்றவர்களுக்கு ஒரு முழம் பட்டை வேண்டுமென்றால் முழு அசெம்பிளியாக வாங்கு என்பார்கள், பிறகு அந்த அசெம்பிளியும் இல்லை என்பார்கள். இதைத் திட்டமிட்டவர் யாரும் சொந்தமாக ஒரு பழைய காரை வைத்திருக்க மாட்டார்.

3டி பிரின்ட் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் எந்தப் பொருளில் என்று கேளுங்கள். 3டி பிரின்டில் அதிகம் பயன்படும் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ என்றால் வேண்டாம். சுமார் 60 டிகிரியிலேயே அது இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பட்டைக்கு அது எட்டாத சூடு அல்ல. ஏஎஸ்ஏ என்றால் பேசலாம், அது வெயில் தாங்குவதற்கென்றே வந்த பிளாஸ்டிக்.

இனி மாற்றும் வேலை. புதுப் பட்டை கைக்கு வந்து, பழையதன் பக்கத்தில் வைத்து அளவு பார்க்கும்வரை பழையதைக் கழற்றாதீர்கள். விறைத்த பட்டை முழுசாக வெளியே வராது, துண்டு துண்டாகத்தான் வரும். புதியது பொருந்தவில்லை என்றால் கதவு திறந்த வாயோடு மழையில் நிற்கும்.

கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். ஸ்க்ரூவைத் தேடுங்கள்: பக்கவாட்டு மிரரின் முக்கோண மூடிக்குக் கீழே ஒன்று ஒளிந்திருக்கலாம், கதவைத் திறந்தால் தெரியும் பின் விளிம்பில் ரப்பருக்கு அடியில் இன்னொன்று இருக்கலாம். சில கார்களில் கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றினால்தான் கை போகும். பெயிண்ட் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஹேர் டிரையரால் பட்டையைச் சூடாக்கி, பிளாஸ்டிக் நெம்பியை கிளிப்புக்குப் பக்கத்தில் கொடுத்து மேல்நோக்கித் தூக்குங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் தகட்டின் உதடு வளைந்துவிடும், பிறகு எந்தப் பட்டையும் அதில் ஒழுங்காக உட்காராது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வருகிற மெக்கானிக்கைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கதவுக்குள் விழுந்த கிளிப், உடைந்த துண்டுகளை எடுத்துவிடுங்கள். அவை கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளையில் போய் அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பட்டை உட்கார்ந்த உதட்டில் துரு இருந்தால் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு அப்புறம் புதியதைப் போடுங்கள். கிளிப்புகள் எல்லாம் புதியதாக இருக்கட்டும். புதுப் பட்டையையும் கொஞ்சம் சூடாக்கி உள்ளங்கையால் அழுத்துங்கள், சுத்தியல் தேவையில்லை. குளிர்ந்த நேரத்தில் மாட்டினால் முனையில் நூலளவு இடைவெளி இருக்க வேண்டும், பட்டை நீள்வதற்கு. கடைசியாகக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பட்டையின் வெல்வெட் ஓரம் கண்ணாடியை முழு நீளமும் தொட வேண்டும்.

இப்போது அந்த நிலைக் கண்ணாடி. அதன் விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நகம் நுழைகிறதா? நுழைந்தால் அது தனிப் பட்டை, கதவுப் பட்டை போலவே அதையும் மாற்றலாம். நுழையவில்லை என்றால் பட்டையைக் கண்ணாடியின் மேலேயே வார்த்திருக்கிறார்கள். வெளியேயும் உள்ளேயும் கண்ணாடி விளிம்பைச் சேர்த்துக் கவ்வியிருக்கும், நடுவில் கோடே தெரியாது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் இப்படி நிறைய உண்டு. அங்கே பட்டை என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. கண்ணாடியும் பட்டையும் சேர்ந்துதான் பாகம். அதற்குத் தனிப் பட்டை விற்கிறேன் என்பவர் மேலே ஒட்டும் ஒரு மெல்லிய தோலைத்தான் விற்கிறார். அதை ஒட்டினால் அடியில் தண்ணீர் தேங்கும்.

அந்தக் கண்ணாடி யூரித்தேன் பசையில் பாடியோடு ஒட்டியிருக்கும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் கம்பி விட்டு அந்தப் பசையை அறுக்க வேண்டும். அது பதப்படுத்திய கண்ணாடி. விளிம்பில் சின்னதாக ஒரு அடி பட்டால் மொத்தமும் பொடியாக உதிரும். பட்டைக்காகக் கண்ணாடியை இழக்க வேண்டுமா? தண்ணீரைத் தடுப்பது பின்னால் உள்ள பசைதான், வெளியே தெரியும் பட்டை அல்ல. ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை வேகமில்லாமல் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். உள்ளே ஈரம் இல்லையென்றால் அந்த மயிரிழையை அப்படியே விடுங்கள். துடைத்து வைத்து, தண்ணீர் அடிப்படையிலான பாதுகாப்புப் பூச்சு ஒன்றை அவ்வப்போது தடவினால் போதும்.

ஈரம் வந்தால் அது பாடி ஷாப்புக்கான வேலை அல்ல, கார் கண்ணாடி மட்டுமே பொருத்துகிற ஆளிடம் போங்கள். அறுக்கும்போது கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு, மாற்றுக் கண்ணாடி யார் தேடித் தருவார் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.