பிரேக்கர் பிடித்த கை மரத்துப்போனால்

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் நான்கு வருடமாக ஹேக்கிங் வேலை, அதாவது பிரேக்கர் மெஷினால் கான்கிரீட் உடைப்பது. காலையில் எழுந்தால் வலது கை விரல்கள் மரத்துக் கிடக்கின்றன, சட்டைப் பித்தான் போடவே சிரமம். விரல் வெளுத்தால்தான் ஆபத்து என்கிறார் கூட வேலை செய்பவர். தடித்த கையுறை போட்டால் போதுமா?

பதில்: வெளுக்கும்வரை காத்திருக்காதீர்கள், தம்பி. அதிர்வு விரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. குழாய் சுருங்கி விரல் வெளுப்பது குளிரில்தான். சிங்கப்பூர் வெயிலில் அது கண்ணில் படாமலே போகலாம். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே வரும். பித்தான் போட முடியவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. நரம்பு ஓரளவுக்கு மேல் கெட்டால், வேலையை விட்டாலும் முழு உணர்ச்சி திரும்பாது.

கையுறையை நம்ப வேண்டாம். பிரேக்கரின் அதிர்வை அது பெரிதாகக் குறைக்காது. கை வெட்டுப்படாமல் காக்கும், அவ்வளவுதான்.

நேரத்தைக் குறைப்பதுதான் வழி. ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேரச் சராசரி அதிர்வு 2.5 மீ/வி² (அதிர்வின் வலுவை அளக்கும் அலகு) தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. 10 அளவு அதிரும் மெஷினை அரை மணி பிடித்தாலே முதல் அளவு வந்துவிடும், இரண்டு மணியில் உச்ச வரம்பு. இடைவேளையை விட்டுவிட்டு, விசையை அழுத்திய நேரத்தை மட்டும் ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அப்புறம் அந்தக் கணக்கோடு சூப்பர்வைசரிடம் போய், ஆள் மாற்றி வேலை தரச் சொல்லுங்கள். மழுங்கிய உளியை அன்றே மாற்றச் சொல்லுங்கள். உளி மழுங்கினால் அதே கான்கிரீட்டை உடைக்க அதிக நேரம் பிடிக்கும். மெஷினை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், பிடி இறுகினால் அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும். சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள், அதுவும் ரத்தக் குழாயைச் சுருக்கும்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வெறுமனே "கை வலி" என்றால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். என்ன மெஷின், தினம் எத்தனை மணி, எத்தனை வருடம், எந்தெந்த விரல் மரக்கிறது என்று சொல்லுங்கள். சுண்டுவிரல் தப்பி மற்றவை மட்டும் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. சர்க்கரை நோயிலும் கை மரக்கும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வொர்க் பெர்மிட்டில் இருந்தால் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. மறுத்தால் மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம்.