கேள்வி நேரம்: மெக்சிகோவுக்கு ஒரு நாள் நடை

கேள்வி: மகன் சான் டியேகோவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். நாங்கள் இருவரும் பி1/பி2 எனும் சுற்றுலா விசாவில் அங்கே போகிறோம். எல்லையை நடந்தே கடந்து மெக்சிகோவின் டிஹுவானா நகரைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம் என்கிறார்கள். தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டுமா? மகனின் விசா ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் உள்ள விசா) காலாவதி, ஐ-797 எனும் ஒப்புதல் கடிதம் மட்டும் இருக்கிறது.
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் இருவருக்கும் வேண்டாம். அமெரிக்க விசா நடப்பில் இருந்தால் இந்தியர்கள் 180 நாள் வரை மெக்சிகோவில் தங்கலாம். சிக்கல் மகனுக்குத்தான். ஐ-797 விசா ஆகாது. அவர் மெக்சிகோ தூதரகத்தில் விசா எடுத்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், திரும்புவதில் அவருக்குப் பெரிய தடை இல்லை. ஐ-94-இல், அதாவது அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவில், தேதி மிச்சமிருந்து 30 நாளுக்குள் வந்தால், காலாவதியான ஸ்டாம்பிங்கையே ஏற்கும் 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்' விதி உண்டு. மெக்சிகோவில் இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும்.

உங்கள் விசாவில் 'என்ட்ரீஸ்' என்ற இடத்தில் 'எம்' (பலமுறை நுழையலாம்) என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் போகவே போகாதீர்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐ-94 பிரிண்ட் ஒன்றும் இருக்கட்டும். எல்லை தாண்டி வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்வதை நம்பி ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் பழைய தேதியே தொடரும்.

சான் டியேகோவின் டிராம் ரயிலான டிராலியின் ப்ளூ லைனில் கடைசி நிறுத்தமான சான் இசிட்ரோவில் இறங்கினால் எல்லை பக்கத்திலேயே. அமெரிக்கா வெளியேறும் முத்திரை வைப்பதில்லை. மெக்சிகோ கட்டடத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்குங்கள்; ஏழு நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. அங்கிருந்து சுற்றுலாப் பயணிகள் போகும் முக்கியத் தெருவான அவெனிடா ரெவொலூசியோன் சுமார் இரண்டு கிலோமீட்டர். முழங்கால் வலி இருந்தால் டாக்சி, ஏறுமுன் கட்டணம் பேசிவிட வேண்டும்.

திரும்பும் வரிசைதான் அன்றைய உண்மையான வேலை. ஞாயிறு மாலையிலும் விடுமுறை நாட்களிலும் மணிக்கணக்கில் நிற்க நேரும். வார நாளில் காலைக் கூட்டம் அடங்கியபின் போய், பிற்பகலிலேயே வரிசைக்கு வந்துவிடுங்கள். அமெரிக்க எல்லைக் காவல் துறையின் செயலியில் காத்திருப்பு நேரம் தெரியும். கழிவறைக்குப் போய்விட்டு நில்லுங்கள். பையில் மாம்பழம், கொய்யா இருந்தால் அவர்கள் கேட்குமுன் சொல்லிவிடுங்கள், மறைத்தால் அபராதம்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?
— அதே வாசகி

பதில்: கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். 'சின் கார்னே, சின் மான்டேகா', அதாவது இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீசர் சாலட் 1924-இல் டிஹுவானாவில் பிறந்ததாகச் சொல்வார்கள். இலைதானே என்று அதையும் நம்பாதீர்கள்; அதன் சாஸில் நெத்திலி மீன் இருக்கும்.