ஈர மணலில் ஓடினால் இடது முட்டி மட்டும் வலிப்பது

ஈர மணலில் ஓடினால் இடது முட்டி மட்டும் வலிக்கிறது, ஷூவை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். ஷூ மாற்ற வேண்டாம், ஓடும் வழியை மாற்றுங்கள். சென்னை பெசன்ட் நகரிலிருந்து தெற்கே திருவான்மியூர் வரை ஈர மணலில் ஓடி, சாலை வழியாகத் திரும்புவதாகச் சொல்கிறீர்கள். வலி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

அலை ஏறி இறங்கும் மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கே ஓடும்போது கடல் இடப்பக்கம். இடது கால் ஒவ்வோர் அடியிலும் தாழ்வாகவே விழும். முட்டியின் வெளிப்பக்கத் தசைநாருக்குத்தான் அந்த இழுப்பெல்லாம்.

மூன்று நாள் ஓய்வெடுங்கள். அப்புறம் அதே தூரத்தைச் சாலையில் மட்டும் ஓடிப் பாருங்கள். வலிக்கவில்லையா, பெரும்பாலும் சரிவுதான் காரணம். இனி மணலில் பாதித் தூரம் போய் மணலிலேயே திரும்புங்கள், சரிவு இரண்டு கால்களுக்கும் சமமாகப் பிரியும். கடல் உள்வாங்கிய நேரமென்றால் இன்னும் நல்லது, மணல் அகலமாக, ஓரளவு சமமாகக் கிடக்கும்.

வீக்கமிருந்தாலோ முட்டி மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ ஓடவே வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.